நாக்பூர் லைசென்ஸ் தெரியும், போஸ்ட் மெட்ரிக் தெரியாதா?

கல்லூரிச் சேர்க்கை முடிகிற நேரம். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு காலனியில் மாலை வகுப்பை முடித்துவிட்டு நாங்கள் கிளம்பிக்கொண்டிருந்தோம். ஆலை வேன் வந்து நின்றது. இறங்கிய பெண்களில் ஒரு அக்கா நேராக எங்களிடம் வந்தார். விரல் இடுக்கில் அலுமினியப் பவுடர் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. இடுப்பில் செருகியிருந்த காகிதத்தை எடுத்து நீட்டினார். மகளுக்குக் கல்லூரியில் பணம் கட்டிய ரசீது.

"தம்பி, பாப்பாவைக் காலேஜ்ல சேத்துட்டேன். வட்டிக்கு வாங்கித்தான் கட்டுனேன். இன்னைக்கு வேன்ல ஒருத்தி சொல்றா, நம்ம பிள்ளைகளுக்கு எதுக்குப் பணங் கட்டுனன்னு. நெசமா?"

கல்லூரி அலுவலகத்தில் யாரும் சொல்லவில்லையா என்று கேட்டோம்.

"கேட்டாங்க தம்பி. போஸ்ட் மெட்ரிக் போடலையான்னாங்க. எம் மக மெட்ரிக் ஸ்கூல்ல படிக்கலங்க, கவர்மெண்ட் ஸ்கூல்லதான் படிச்சான்னு சொன்னேன். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. ரசீதைக் கிழிச்சுக் குடுத்துட்டாங்க."

எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அக்கா சொன்ன பதிலில் என்ன தவறு? நம் ஊரில் மெட்ரிக் என்றால் பேருந்து அனுப்பி, டை கட்டி, காசு வாங்கிப் படிக்கவைக்கும் தனியார் பள்ளி. போஸ்ட் என்றால் தபால், இல்லாவிட்டால் கரண்டுக் கம்பம். தெரிந்த இரண்டு சொற்களை வைத்து அவர் சரியாகத்தான் யோசித்தார். அந்தப் பெயர் அவருக்காக வைக்கப்பட்டதல்ல. அதை விளக்க வேண்டிய இடத்தில் இருந்தவர் விளக்கவில்லை. அதற்கு அபராதம் வாரவட்டியாக அவர் வீட்டு வாசலுக்கு வருகிறது.

ஆலை கற்றுக்கொடுத்த ஆங்கிலம்

அன்று பேச்சு ஆலைக்குத் திரும்பியது. தான் வேலை பார்ப்பது டி.ஆர்.ஓ. லைசென்ஸா, சென்னை லைசென்ஸா, நாக்பூர் லைசென்ஸா, எந்த லைசென்ஸில் எந்த ரகம் போடலாம், ஒரு ஷெட்டில் எத்தனை பேர் உட்காரலாம், மேகசினுக்கும் ஷெட்டுக்கும் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று அந்த அக்கா கடகடவென்று சொன்னார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர் அவர்.

பட்டாசுப் பகுதியில் பிறந்தவர்களுக்கு ஆங்கிலச் சொல் புதிதல்ல. ஃபோர்மேன், ஏஜென்ட், பீஸ் ரேட், ஆர்டர், லோடு என்று நாள் முழுக்க நாக்கில் புரளும் சொற்கள் அவை. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகு கிரீன் கிராக்கரும் பேரியம் நைட்ரேட்டும் டீக்கடைப் பேச்சாகிவிட்டன. வேதியியல் பாடம் எடுக்காத பெரியவர்கள்கூட பேரியம் இல்லாமல் எந்த ரகம் ஓடும், எது ஓடாது என்று விவாதிக்கிறார்கள்.

எப்படி வந்தது இந்த அறிவு? ஆலையில் ஒரு சொல் காசோடும் உயிரோடும் சேர்ந்து வருகிறது. அதை ஃபோர்மேன் சொல்லிக்கொடுப்பார், பக்கத்தில் இருப்பவர் சொல்லிக்கொடுப்பார். தவறாகப் புரிந்துகொண்டால் கை போகும், ஷெட் போகும். அதனால் யாரும் விளக்கத் தயங்குவதில்லை. பள்ளிக்கூடத்துச் சொற்களும் காசோடும் உயிரோடும்தான் வருகின்றன. ஆனால் அவை புரியாமல் போனால் நட்டம் நம் பிள்ளைக்கு மட்டும்தான். விளக்காதவருக்கு அதனால் எதுவும் கெடுவதில்லை.

இந்த அக்காவின் தலைமுறையைப் பற்றி ஆங்கிலத்தில் நிறையப் பேசியிருக்கிறார்கள். விடியுமுன் வேன் ஏறிய சிவகாசிக் குழந்தைகளை வைத்து சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் 1990இல் வந்தது. அதற்கு முன்பே, 1988இல், தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட இடங்களில் சிவகாசியும் ஒன்று. 1996 டிசம்பர் 10 அன்று எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு குழந்தையை அபாயத் தொழிலில் வைத்திருந்தால் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. சைல்டு லேபர், ரெஸ்க்யூ, ஸ்பெஷல் ஸ்கூல், மெயின்ஸ்ட்ரீம் என்ற சொற்கள் அப்போதுதான் நம் தெருவுக்கு வந்தன. எல்லாம் அந்தக் குழந்தைகளைப் பற்றிய சொற்கள். அந்தக் குழந்தைகளை உட்காரவைத்து விளக்கிச் சொன்ன சொற்கள் அல்ல. அவர்கள் இன்று தாய்மார்கள். கையில் விண்ணப்பத்தோடு நிற்கிறார்கள்.

மெட்ரிக் என்பது பத்தாம் வகுப்பு

அதனால் முதலில் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் பள்ளிப் படிப்பை முடித்துப் பல்கலைக்கழகத்தில் நுழைவதற்கான தேர்வுக்கு மெட்ரிகுலேஷன் என்று பெயர். அண்ணல் அம்பேத்கர் 1907இல் அந்தத் தேர்வில் தேறினார். பம்பாயில் கூட்டம் போட்டு அவரைப் பாராட்டினார்கள். அங்கேதான் கேலுஸ்கர் என்ற ஆசிரியர், தாம் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசாகக் கொடுத்தார். ஒரு சேரிப் பிள்ளை மெட்ரிக் தேறுவது ஊர் கூடிக் கொண்டாடும் செய்தியாக இருந்த காலம் அது.

போஸ்ட் என்றால் இங்கே 'பிறகு'. ஆக, போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் என்பது பத்தாம் வகுப்புக்குப் பிறகு படிக்கிற பிள்ளைக்கான உதவித்தொகை. பிளஸ் ஒன், ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், கல்லூரி, ஆராய்ச்சிப் படிப்பு எல்லாம் அதில் அடங்கும். ப்ரீ மெட்ரிக் என்றால் அதற்கு முன்பு: ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கானது. எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்பதற்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பே இல்லை.

பட்டியல் சாதி மாணவர்களுக்கான இந்த உதவித்தொகை 1944இல் தொடங்கியது. அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்த காலம் அது. நம் மாநிலத்தில் 2012 செப்டம்பர் 11 அன்று வந்த அரசாணை 92ஐ மாணவர்கள் 'ஜி.ஓ. தொண்ணூற்றிரண்டு' என்று சொல்வார்கள். குடும்ப ஆண்டு வருமானம் குறித்த வரம்புக்குள் இருந்தால் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ ஆதிதிராவிடர் மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று சொன்ன ஆணை அது. 2021இல் வந்த ஒன்றிய அரசின் வழிகாட்டு நெறிகளில் ஃப்ரீஷிப் கார்டு என்ற ஒன்று இருக்கிறது. அதை வைத்திருப்பவர் முன்கூட்டிப் பணம் கட்டாமல் கல்லூரியில் சேரலாம். உதவித்தொகை கைக்கு வந்ததும் கட்டணத்தைச் செலுத்த வேண்டும்.

இதோடு ஒட்டி இன்னும் நான்கு சொற்கள் வரும். ஃப்ரெஷ் என்றால் முதலாண்டு விண்ணப்பம். ரினியூவல் என்றால் அடுத்தடுத்த ஆண்டுகளில் புதுப்பிப்பது. ஒருமுறை போட்டுவிட்டால் கடைசி வரை தானாக வரும் என்று நினைத்து இரண்டாம் ஆண்டு கோட்டைவிட்ட பிள்ளைகளை நமக்குத் தெரியும். மூன்றாவது, ஆதார் சீடிங். வங்கியில் ஆதார் நகல் கொடுத்தது மட்டும் போதாது. அரசுப் பணம் இந்தக் கணக்குக்குத்தான் வர வேண்டும் என்று ஆதாரோடு இணைக்க வேண்டும். 'சீடிங் ஆகியிருக்கா?' என்று வங்கியில் கேளுங்கள். நான்காவது, மேனேஜ்மென்ட் கோட்டா. கவுன்சலிங் வழியாக வராமல் நிர்வாகத்திடம் நேராக வாங்கும் இடம் அது. அந்த இடத்துக்கு உதவித்தொகை கிடைக்காமல் போகலாம். 'சீட்டு ரெடி, வாங்க' என்று ஏஜென்ட் போன் போட்டால், 'கவர்மெண்ட் கோட்டாவா, மேனேஜ்மென்ட் கோட்டாவா?' என்பதுதான் நம் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

ஒரு எழுத்தில் ஒரு இடம்

சில நேரம் ஒற்றை எழுத்தே வாழ்க்கையைத் திருப்புகிறது. விண்ணப்பத்தில் எஸ்.சி. என்றும் எஸ்.சி.ஏ. என்றும் தனித்தனியாக இருக்கும். எஸ்.சி.ஏ. என்பது அருந்ததியர். பட்டியல் சாதிக்கான 18 விழுக்காட்டில் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2009 சட்டத்தால் வந்தது. உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வும் சொல்லிவிட்டது. ஆனால் கணினி மையத்தில் அவசரத்தில் எஸ்.சி. என்ற கட்டத்தைத் தட்டிவிட்டால், அந்த ஒரு எழுத்தோடு அந்த வாய்ப்பும் போய்விடுகிறது. தட்டுகிற விரல் யாருடையதாக இருந்தாலும், பார்க்கிற கண் நம்முடையதாக இருக்க வேண்டும்.

கட்-ஆஃப் என்ற சொல்லைக் கேட்டு, 'எம் மவன் மார்க்கை வெட்டிட்டாங்களா?' என்று பதறிய தகப்பனைப் பார்த்திருக்கிறோம். யாரும் எதையும் வெட்டவில்லை. பொறியியல் சேர்க்கைக்குக் கணக்கு மதிப்பெண்ணை 100க்கும், இயற்பியலை 50க்கும், வேதியியலை 50க்குமாக மாற்றி 200க்குக் கூட்டுகிறார்கள். அந்தக் கூட்டல்தான் மாணவரின் கட்-ஆஃப். போன ஆண்டு ஒரு கல்லூரியில் நம் பிரிவில் கடைசியாக இடம் கிடைத்தவரின் எண்ணையும் கட்-ஆஃப் என்றே சொல்வார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எங்கே கேட்கலாம் என்று தெரியும்.

மீடியம் என்ற சொல்லில்தான் அதிகக் குழப்பம். இங்கிலீஷ் மீடியம் என்றாலே தனியார் பள்ளி என்று நினைத்துக்கொண்டு கடன் வாங்குகிறோம். அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழி வகுப்புகள் உண்டு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் அரசுப் பள்ளி மாணவிகளுக்காகத் தொடங்கியதுதான். இங்கே கணக்கு அரசுப் பள்ளியா என்பது.

வேலைக்குப் போகும்போது வேறொரு கணக்கு. அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, பட்டம் மட்டும் தமிழ்வழியில் வாங்கினால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும். பிள்ளையை எந்த வகுப்பில் எந்த மீடியத்தில் போடுகிறோம் என்பது இருபது ஆண்டு கழித்து வரும் வேலைவரை நீள்கிறது. இரண்டில் எது நல்லது என்று நாங்கள் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. தெரிந்து எடுக்கிற முடிவாக இருக்கட்டும் என்கிறோம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தமிழ்வழியில் படித்தேன் என்று காட்டுகிற சான்றிதழுக்கே எல்லோர் வாயிலும் பெயர் பி.எஸ்.டி.எம். தமிழ் எம்.ஏ. படித்த நமக்கே முதல்முறை அது என்னவென்று இன்னொருவரிடம் கேட்க வேண்டியிருந்தது.

டி.சி. என்னும் மிரட்டல்

நம் பெற்றோர் அனைவருக்கும் தெரிந்த ஆங்கிலச் சொல் ஒன்று உண்டென்றால் அது டி.சி. பிள்ளை சேட்டை செய்தால், தீபாவளி நெருக்கத்தில் பத்து நாள் வராமல் போனால், 'டி.சி.யைக் கிழிச்சுக் குடுத்துருவேன்' என்பார்கள். அது மாற்றுச் சான்றிதழ். ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்கு மாறுவதற்கான தாள். தண்டனைச் சீட்டு அல்ல.

ஆர்.டி.இ. என்றாலும் நம் ஊரில் ஒரே பொருள்தான்: தனியார் பள்ளி எல்.கே.ஜி.யில் 25 விழுக்காடு சீட்டு. உண்மையில் அது கல்வி உரிமைச் சட்டம். 2009இல் இயற்றி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது என்கிறது அதன் 16ஆம் பிரிவு. அடிப்பதும் மனதைப் புண்படுத்துவதும் கூடாது என்கிறது 17ஆம் பிரிவு. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் அடுத்த பள்ளி பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 5ஆம் பிரிவு. இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கிறது 4ஆம் பிரிவு. அந்த மூன்று எழுத்துக்குள் இவ்வளவும் இருப்பது தெரிந்தால், மிரட்டலைக் கேட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க மாட்டோம். 'சார், ஆர்.டி.இ. பதினாறாம் பிரிவு என்ன சொல்லுது?' என்று மரியாதையாகக் கேட்போம்.

பொதுக் குளத்தில் நம் பிள்ளைகள்

இதுவரை பார்த்தவை தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள். நாம் ஏற்றுக்கொள்ளக் கூடாத சொற்களும் இருக்கின்றன.

டிராப் அவுட் என்கிறார்கள். பிள்ளை தானாக உதிர்ந்துவிட்டது போல. அப்பா விபத்தில் கிடக்கிறார், வட்டிக்காரர் வாசலில் நிற்கிறார், தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, வகுப்பில் பெயருக்குப் பதில் சாதியைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். இதில் எதில் அந்தப் பிள்ளை தானாக உதிர்ந்தது? தள்ளிவிட்டவர்களை மறைத்துவிட்டு விழுந்தவரை மட்டும் காட்டுகிற சொல் அது. பதிவேட்டில் அவர்கள் எழுதுவது எழுதட்டும். நாம் பேசும்போது 'நிறுத்தப்பட்ட பிள்ளை' என்றே சொல்வோம்.

பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் கணினிப் பதிவில் காமன் பூல் என்று ஒன்று உண்டு. ஒரு பள்ளி விடுவித்து, இன்னொரு பள்ளியில் சேராத மாணவரின் பெயர் அங்கே போய்க் கிடக்கும். காமன் பூல் என்பதைத் தமிழில் சொன்னால் பொதுக் குளம். பொதுக் குளத்தில் நம்மை இறங்கவிடாததற்காக 1927 மார்ச் 20 அன்று மகத்தில் அண்ணல் தண்ணீர் அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தது. இந்தப் பொதுக் குளத்தில் மட்டும் நம் பிள்ளைகளை இறக்கிவிட்டுவிட்டுத் தேடாமல் விடுவதை எப்படி ஏற்பது? 'எம் பிள்ளை பேரு காமன் பூல்ல இருக்கா?' என்று தலைமையாசிரியரிடம் கேட்கும் உரிமை ஒவ்வொரு தாய்க்கும் உண்டு.

விருதுநகர் காமராசர் பிறந்த மண். அவர் பிறந்த ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாள். பிளஸ் டூ தேர்ச்சியில் பல ஆண்டுகள் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்த மாவட்டம். அதே மாவட்டத்தை 2018இல் ஒன்றிய அரசு ஆஸ்பிரேஷனல் டிஸ்ட்ரிக்ட் பட்டியலில் வைத்தது. முன்னேற விழையும் மாவட்டம் என்று அதைத் தமிழில் சொல்கிறார்கள். இரண்டும் எப்படி ஒன்றாகப் பொருந்தும்? தேர்ச்சி விகிதம் என்பது தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்ற கணக்கு. தேர்வுக்கூடம் வரை வராத பிள்ளை அந்தக் கணக்கிலேயே இல்லை. பொதுக் குளத்தையும் சேர்த்து எண்ணினால்தான் உண்மையான கணக்கு தெரியும்.

அடுத்தது காலனி. ஆங்கிலச் சொல்தான். பட்டணத்தில் அந்தச் சொல் வசதியானவர்கள் இருக்கும் இடத்துக்குப் பெயராக நிற்கிறது. நம் ஊரிலோ 'காலனிப் பசங்க' என்றால் வேறு விளக்கம் தேவையில்லை. அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே ஆண்டு ஜூலையில் அரசு விடுதிகளுக்குச் சமூக நீதி விடுதி என்று பெயர் வந்தது. இந்தக் கட்டுரையின் முதல் வரிகளில் நாமும் காலனி என்றுதான் எழுதியிருக்கிறோம். பழகிப்போன சொல் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

'எஸ்.சி. பசங்கல்லாம் எந்திரிங்க, ஸ்காலர்ஷிப் ஃபார்ம் வந்திருக்கு.' இந்த ஒரு வரியைக் கேட்காமல் பள்ளியை முடித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? உரிமையாக வர வேண்டியதை அவமானமாகக் கையில் கொடுக்கும் வரி அது. நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, மாணவர்களைச் சாதியைச் சொல்லி அழைக்கக் கூடாது, உதவித்தொகை விவரத்தைத் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறது. அதற்காகத் தமிழ்ச் சொல்லெல்லாம் சுத்தம் என்று சொல்லிவிடவும் முடியாது. 'எந்த வகுப்புப்பா?' என்று கேட்டால் 'எட்டாம் வகுப்பு சார்' என்கிறது பிள்ளை. 'அது இல்லப்பா, எந்த வகுப்பு?' என்கிறார் கேட்டவர். படிக்கிற வகுப்புக்கும் பிறந்த வகுப்புக்கும் ஒரே சொல் வைத்திருக்கும் மொழி நம்முடையது.

இயர் கேப்பும் அரியரும்

கல்லூரியை முடித்து வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நேர்காணலில் இயர் கேப் ஏன் என்று கேட்பார்கள். பிளஸ் டூவுக்கும் கல்லூரிக்கும் நடுவே ஓர் ஆண்டு விட்டுப்போயிருந்தால் அதற்கு அந்தப் பெயர். நம் பகுதியில் அந்த ஓராண்டில் பிள்ளை சும்மா இருந்திருக்காது. 18 வயது நிறைந்ததும் ஆலைக்குப் போய்க் கட்டணம் சேர்த்திருக்கும், அல்லது அச்சகத்தில் பைண்டிங் பார்த்திருக்கும். இதைச் சொல்ல வெட்கப்பட்டு 'உடம்பு சரியில்லை' என்று பொய் சொன்ன ஒரு தம்பி எங்களிடம் வந்து வருத்தப்பட்டார். வெட்கப்பட வேண்டியது அவர் அல்ல. 'அந்த ஓராண்டு வேலை பார்த்து என் படிப்புச் செலவை நானே சம்பாதித்தேன்' என்பதை ஆங்கிலத்தில் இரண்டு வரியாகச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். அதைவிட நல்ல பதில் வேறு யாரிடமும் இருக்காது.

அரியர் என்பது நம் மாநிலத்துப் புழக்கம். வெளிமாநில நிறுவனங்கள் அதையே பேக்லாக் என்று கேட்கும். ஸ்டாண்டிங் அரியர் என்றால் இன்னும் தேறாமல் நிற்கிற தாள். ஹிஸ்டரி ஆஃப் அரியர் என்றால் ஒருகாலத்தில் விழுந்து, பின்பு தேறிய தாள். 'ஸ்டாண்டிங் அரியர் இருக்கக் கூடாது' என்ற வரியைப் படித்துவிட்டு, எல்லாத் தாளும் தேறிய பிள்ளை விண்ணப்பமே போடாமல் விட்டிருக்கிறது.

இந்த மொழி நமக்கும் உரியது

ஆங்கிலத்தைப் பற்றி நம் முன்னோடிகளுக்குக் குழப்பம் இருந்ததில்லை. 1848இல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி நடத்திய சாவித்திரிபாய் புலே, 1854இல் வந்த தம் கவிதைத் தொகுப்பிலேயே ஆங்கிலம் கற்கச் சொன்னார். உத்தரப் பிரதேசத்தின் பங்கா என்ற சிற்றூரில் 2010இல் ஆங்கிலத்துக்கே தலித்துகள் ஒரு கோயில் கட்டத் தொடங்கினார்கள். கோயில் கட்டுவது நம் வழியல்ல. ஆனால் அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்பது நமக்குப் புரிகிறது. பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்பவருக்குத்தான் சாவியின் அருமை தெரியும்.

ஸ்கூல் என்ற சொல்லின் வேர் கிரேக்க மொழியில் ஓய்வு என்ற பொருள் தருவது. ஓய்வு இருந்தவர்கள்தான் படித்தார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று ஆசிரியர் நாள். அன்றுதான் முதலிப்பட்டியில் ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஓய்வில்லாத வீடுகளின் பிள்ளைகள் பள்ளிக்கு வருவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அந்த நாள் நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. பட்டாசு விபத்தில் இறந்தவர்களின் குழந்தைகளுடைய கல்விச் செலவுக்காக 2024 நவம்பரில் விருதுநகரில் முதற்கட்டமாக ஐந்து கோடி ரூபாய்க்குத் தொகுப்பு நிதி அறிவித்தார்கள். அதையும் அலுவலகங்களில் கார்பஸ் ஃபண்ட் என்றுதான் சொல்வார்கள். பாதிக்கப்பட்ட குடும்பங்கள் அந்தப் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிய வேலை அல்ல. கல்லூரிகள் சேர்க்கை அறையின் வாசலில் இருபது சொற்களைத் தமிழ் விளக்கத்தோடு பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். ஆதிதிராவிடர் நலத் துறை, மே மாதத்தில் ஒரு மாலை நேரத்தில், ஆலை வேன் திரும்பிய பிறகு, ஊருக்கு வந்து பெற்றோரிடம் பேசலாம். பகலில் கூட்டம் போட்டால் சம்பளத்தை விட்டுவிட்டு யார் வருவார்? நம் ஊர் இளைஞர்கள் படிப்பகச் சுவரில் வாரம் ஒரு சொல் எழுதலாம். கல்லூரிக்குப் போன பிள்ளை ஒவ்வொன்றும் பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை ஒன்றுக்கு ஃபோர்மேனாக இருக்கலாம்.

அந்த அக்காவின் மகளுக்கு விண்ணப்பம் போட்டாகிவிட்டது. கட்டிய பணம் எப்போது திரும்பும் என்று கல்லூரியில் எழுதிக் கேட்டிருக்கிறோம். வட்டி இன்னும் ஓடுகிறது. போன வாரம் அவர் மகனின் பள்ளிக்குப் போயிருந்தார். அங்கே ஆசிரியை ஏதோ ஒரு ஆங்கிலச் சொல்லைச் சொல்லியிருக்கிறார். அக்கா தலையாட்டிவிட்டுத் திரும்பவில்லை.

"அப்படின்னா என்னம்மா அர்த்தம்னு கேட்டேன் தம்பி. அந்தம்மா உக்காரவச்சுச் சொல்லிக்குடுத்தாங்க. கேட்டா சொல்லத்தான் செய்றாங்க" என்றார்.

கேட்போம்.